மஞ்சள் அட்டையின் பின்பக்கம்

தபில்டியை நான் மன்னிக்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் இவள் மனசு மாறி, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கையைப் பிடிப்பாள் என்று நினைத்துக்கொண்டு கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து போய் வேறு வேலை இருந்தால் பார்க்கலாம்.

என் பெயர் சாய்கால். தலாஸ் பள்ளத்தாக்கில் கோக்-ஆரிக் என்கிற சின்ன ஊரில் பள்ளி விளையாட்டு ஆசிரியை. பதினோரு வருஷமாகக் கால்பந்து நடுவர். ஆனால் வட்டார ஆட்டங்களுக்கு மட்டும்தான் நான் விசில் ஊதலாம். தேசியத் தரம் வாங்கினால்தான் தலைநகர் பிஷ்கெக்கில் பெண்கள் பெரிய லீக்கில் மைதானத்து நடுவில் நின்று ஊத முடியும். முப்பத்தெட்டு வயதுக்குள் அந்தத் தரத்தை வாங்கவில்லையென்றால் அதற்கப்புறம் தலைகீழாக நின்றாலும் தர மாட்டார்கள். போன வருஷம் டிசம்பரில் எனக்கு முப்பத்தெட்டு. அதற்குள் இரண்டே தேர்வுகள்தான் பாக்கி இருந்தன, அந்த வருஷம் மார்ச்சில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று.

ஓட்டத் தேர்வில் எனக்குப் பயமே இல்லை. என்னைவிடப் பத்து வயது சின்னப் பையன்கள் எல்லாம் மூச்சு வாங்கிக்கொண்டு என் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு வருவார்கள். எழுத்துத் தேர்வுதான் என் தொண்டையில் சிக்கின முள். இருபது கேள்வி, பதினாறு சரியாக இருந்தால் தேர்ச்சி. இரண்டு வருஷமாக நான் வாங்கினது முதலில் பதினாலு, அப்புறம் பதினைந்து. ஆட்ட விதி தெரியாமல் இல்லை. விதிப் புத்தகத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன். கேள்விதான் புரியாது.

அந்தக் கேள்விகளைத் தயாரிப்பவர் எங்கள் வட்டார நடுவர் குழுத் தலைவர் தபில்டி. அவருடைய ஒரு கேள்வியைச் சொல்கிறேன், கேளுங்கள். "பெனால்ட்டி உதைப்பவர் அல்லாத ஆட்டக்காரர் எவரும் கட்டத்துக்கு வெளியே நில்லாமல் இருக்கவில்லை எனில், நடுவர் ஆட்டத்தைத் தொடரவிடாமல் இருப்பது கீழ்க்கண்டவற்றுள் எப்போது தவறாகாது எனக் கூற இயலாது?" கீழே அ, ஆ, இ, ஈ என்று நாலு பதில். நாலும் சரி மாதிரி இருக்கும். இன்னொரு முறை படித்தால் நாலும் தப்பு மாதிரி இருக்கும். அவர் ஒரு சாதாரணக் கேள்வியை எடுத்துக்கொண்டு, கஞ்சிக்கு உப்புப் போடுகிற மாதிரி இங்கே ஒரு 'இல்லை', அங்கே ஒரு 'அல்ல' போட்டுவிடுவார். ஒருமுறை போட்டதை மறந்துவிட்டு இன்னொருமுறையும் போடுவார்.

மார்ச்சில் மூன்றாவது முறையாக உட்கார்ந்தேன். தபில்டிக்கு ஒரு சட்டம் உண்டு. பரீட்சை நாளும் ஆட்ட நாள் மாதிரிதான், எல்லோரும் முழு உடுப்பில் வரவேண்டும். சட்டை, விசில், இரண்டு கைக்கடிகாரம், மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை எல்லாம் வேண்டும். கைப்பேசிகளை வாசலில் ஒரு எனாமல் தொட்டியில் போட்டுவிட்டு, அட்டைகளை மேசை ஓரத்தில் வைத்துவிட்டுத்தான் எழுதணும். முப்பது ஆண்கள், ஒரே ஒரு பெண் நான். ஏழாவது கேள்வியில் தலை சுற்றியது. கையைத் தூக்கி, "பைகே, இந்த ஏழாவதுல என்ன கேக்குறீங்க?" என்றேன். எங்கள் பக்கத்தில் மூத்தவரை, அதிகாரியை, தெருவில் வழி கேட்கும் ஆளைக்கூடப் பைகே என்றுதான் கூப்பிடுவோம், அண்ணன் மாதிரி.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேள்வியே புரியலைன்னா ஆட்டம் எப்படிம்மா புரியும்? வீட்டுல பீன்ஸ் அறுவடை இருக்குமே, அதைப் பாக்கலாம்ல" என்றார். முப்பது பேரும் சிரித்தார்கள். பீன்ஸ் விதைக்கவே மே மாதம் ஆகும், மார்ச்சில் என்ன அறுவடை என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. காது இரண்டும் கொதித்தது. அந்த நேரத்தில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த குத்மான் எழுந்து தாளைக் கொடுத்துவிட்டுப் போனான். தேர்வு ஆரம்பித்துப் பதினோரு நிமிஷம்தான் ஆகியிருந்தது. அவனுக்கு இருபதுக்கு இருபது. எனக்குப் பதினைந்து.

குத்மான் தபில்டியின் தங்கை மகன். இருபத்து நாலு வயது. ஆஃப்சைடுக்கும் கார்னருக்கும் வித்தியாசம் தெரியுமா என்று சந்தேகப்பட வைக்கும் பிள்ளை. எங்களிடம் தங்கை மகன் என்றால் தனி உரிமை. தாய்மாமன் வீட்டில் அவன் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லக்கூடாது. குதிரைக்குட்டியைக் கேட்டாலும் அவிழ்த்துக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காத மாமனை ஊரே காறித் துப்பும். இது எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் இவன் கேட்டது என்ன, மாமன் அவிழ்த்துக் கொடுத்தது என்ன என்பது மே மாதம்தான் தெரிந்தது.

மே மாதம் பள்ளிப் பெண்கள் கோப்பை. எங்கள் பள்ளிக் குழுவுக்கு நான்தான் பயிற்சியாளர். நடுவராக வந்தது இருபதுக்கு இருபது வாங்கின குத்மான். முதல் பாதியில் எங்கள் ஆறாம் எண் பெண், பந்தை எறியாமல் நேரம் கடத்தினாள் என்று அவளுக்கு மஞ்சள் அட்டை காட்டினான். அவள் நின்ற இடம் எனக்கு நாலடி தூரம். அட்டையின் முகம் அவளுக்கு, முதுகு எனக்கு.

நடுவர்கள் மஞ்சள் அட்டையின் பின்பக்கம் எழுதுவது வழக்கம்தான். யாருக்குக் காட்டினோம், எத்தனையாவது நிமிஷம் என்று குறித்துக்கொள்வோம். குத்மானின் அட்டையிலோ அழியாத கறுப்பு மையில் ஒன்றிலிருந்து இருபது வரை வரிசையாக எண்கள் இருந்தன. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அ, ஆ, இ, ஈ. ஏழுக்கு ஈ. எங்கள் ஆறாம் எண்ணைக்கூட அந்த எழுத்துகளுக்கு நடுவில் இடம் தேடித்தான் எழுதினான். பரீட்சை முடிந்து இரண்டு மாதம் ஆகியும் புது அட்டை எடுக்கச் சோம்பல். இப்படி ஒரு மடையன் உலகத்தில் எங்கள் நடுவர் குழுவில் மட்டும்தான் இருப்பான்.

இந்த மூன்று வருஷமும் முடிச்சுப் போட்ட கேள்விகளோடு நான் மட்டும் மல்லுக்கட்டியிருக்கிறேன். அவனுக்குக் கேள்வியைப் படிக்க வேண்டிய வேலையே இல்லை. யாருமே படித்துப் புரிந்துகொள்ள முடியாதபடி கேள்வி எழுதினால்தான், விடை வைத்திருப்பவன் மட்டும் தேறுவான். அதுவரைக்கும் தபில்டிக்கு எழுதத் தெரியவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

பார்த்தது நான் ஒருத்தி. சொன்னால் யார் நம்புவார்கள்? தோற்றவள் புலம்புகிறாள் என்று தள்ளிவிடுவார்கள். சாட்சி வேண்டும். எங்கள் கோல்கீப்பரின் அம்மா துர்சுனாய், சம்சா கடை வைத்திருக்கிறாள், என் சிநேகிதி, பெஞ்சுக்குப் பின்னால் நின்று மகளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் போய், மகளை விட்டுவிட்டு என்னைப் படம் பிடி, அவன் கை மேலே போகும்போது அந்தக் கையை மட்டும் எடு என்றேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றாள்.

பயிற்சியாளருக்கும் அட்டை காட்டலாம். எனக்கான கோட்டைத் தாண்டி உள்ளே போய், குத்மான் முகத்துக்கு நேரே நின்று கைதட்டினேன். பிரமாதம், பிரமாதம் என்று சிரித்துக்கொண்டே. அவன் முதலில், வேண்டாம் எஜே, உள்ளே போங்க என்று கெஞ்சினான். எஜே என்றால் அக்கா, டீச்சரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் போகவில்லை. அட்டையை எடுத்தான், தூக்கினான், துர்சுனாய் பிடித்தாள். பெஞ்சுக்குத் திரும்பிப் பார்த்தால், படத்தில் அட்டை முழுக்க ஒரே வெயில். பளபளவென்று கண்ணாடி மாதிரி. ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை.

இன்னொரு தடவை அந்த மஞ்சளை அவன் எடுக்க வேண்டும். இரண்டாவது மஞ்சள் என்றால் கூடவே சிவப்பும் வரும். சிவப்பு வாங்கின பயிற்சியாளருக்கு அந்த வருஷம் நடுவர் தர உயர்வு கிடையாது. இதுவும் விதி. பிசகில்லாமல் எனக்குத் தெரிந்த விதி. அதாவது ஆகஸ்டுத் தேர்வு போச்சு. டிசம்பரில் முப்பத்தெட்டு. பிஷ்கெக் போச்சு, பெரிய லீக் போச்சு, எல்லாம் போச்சு.

பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். ஒரு நிமிஷம் இருக்கும். பேசாமல் இருந்துவிட்டு ஆகஸ்டில் எழுதலாம், என்றேன் எனக்குள். மறுபடி அதே மாதிரிக் கேள்விகள், அதே சிரிப்பு, மறுபடி பதினைந்து. ஒருவேளை பதினாறு. அந்த ஒருவேளையை நான் எவ்வளவு ஆசையாக வைத்திருந்தேன் என்று யாருக்கும் சொன்னதில்லை. பெட்டியில் மடித்து வைத்திருந்த புது நடுவர் சட்டையைப் பற்றி என் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. பீன்ஸ் அறுவடை என்ற வார்த்தை வந்து காதில் உட்கார்ந்தது. எழுந்தேன்.

இந்தத் தடவை சூரியன் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டேன். துர்சுனாயை நிழற்பக்கம் நிறுத்தினேன். அடுத்த முறை குத்மான் எங்கள் ஓரம் ஓடி வந்தபோது, மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"குத்மான், உங்க மாமா வீட்டு ஆடுகூட உன்னைவிட நல்லா விசில் ஊதும். அதுக்குப் பரீட்சை வெச்சாலும் பதினோரு நிமிஷத்துல எழுதிடும். என்ன, பதிலை அது கழுத்துல கட்டித் தொங்கவிடணும்."

பார்வையாளர்கள் பக்கத்தில் சிரிப்பு வெடித்தது. அவன் முகம் வெளுத்துப்போனது. மஞ்சளைத் தூக்கினான், அப்புறம் சிவப்பை. நான் அவன் கண்ணையே பார்த்துக்கொண்டு, நிதானமாக வெளியே நடந்தேன். துர்சுனாய் கைப்பேசியைக் காட்டினாள். இருபது எண்ணும் இருபது எழுத்தும், அச்சடித்த மாதிரித் தெரிந்தன. அவள்தான் அழுதாள், நான் அழவில்லை.

ஜூனில் எங்கள் குழுவைப் பார்வையிடப் பிஷ்கெக்கிலிருந்து ஜமிர்பெக் என்கிற ஆய்வாளர் வந்தார். மெலிந்த மனிதர், சத்தமாகப் பேசவே மாட்டார். எல்லா நடுவர்களும் கூடியிருந்த இடத்தில் படத்தை அவர் முன் வைத்தேன். இரண்டு முறை பார்த்தார். குத்மானின் மார்ச் மாத விடைத்தாளை வரவழைத்து ஒப்பிட்டார். இருபதும் பொருந்தின.

தபில்டி அசரவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். எழுந்து நின்று, கையை விரித்து, "தங்கச்சி மகன் கேட்டான், குடுத்தேன். நம்ம வழக்கத்துல தாய்மாமன் இல்லேன்னு சொல்ல முடியுமா? சொல்லுங்க பாப்போம்" என்றார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். பாவிகள், உண்மையிலேயே தலையாட்டினார்கள். மருமகன் தப்பு அது, என் கேள்வியில் ஒரு குறையும் இல்லை, தெளிவான கேள்விகள், ஆட்டம் தெரிந்த யாரும் எழுதிவிடலாம் என்று அதற்குமேல் ஒரு பிரசங்கம் வேறு.

நான் எழுந்தேன். அந்த மார்ச் மாதக் கேள்விகளை வைத்தே எல்லோருக்கும் திரும்பத் தேர்வு வையுங்கள், விடைகளின் வரிசையை மட்டும் மாற்றிவிடுங்கள் என்றேன். நடுவர்களை மதிப்பிடும் ஆய்வு அதிகாரியாக ஆட்டங்களுக்குப் போகிறவரும் வருஷா வருஷம் தேர்வு எழுத வேண்டும் என்று விதியில் இருக்கிறது, அப்படிப் போகிற தபில்டி பைகே கடைசியாக எப்போது எழுதினார் என்றும் கேட்டேன். ஜமிர்பெக் தபில்டியைப் பார்த்து, தெளிவான கேள்விகள்தானே, நீங்களும் எழுதிவிடுங்கள் என்றார் சாதாரணமாக. மாட்டேன் என்று சொன்னால் இவ்வளவு நேரம் பேசினது பொய்யாகிவிடும். தபில்டி சிரித்துக்கொண்டே சரி என்றார். சிரிப்பு உதட்டோடு நின்றது.

சனிக்கிழமை தேர்வு. அட்டை, கடிகாரம் எல்லாம் வெளியே. அந்தத் தேர்வால் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை, சிவப்பு அட்டை சிவப்பு அட்டைதான். ஆனாலும் நானும் எழுதுவேன் என்று அடம் பிடித்தேன். தபில்டிக்கு நேர் பின்னால் உள்ள மேசையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். வேறு எதற்கு? பார்க்கத்தான்.

எனக்கு அந்தக் கேள்விகள் மனப்பாடம். கேள்வித்தாளை வெளியே கொண்டுபோக விட மாட்டார்கள். அதனால் ஒவ்வொரு வருஷமும் வீட்டுக்குப் போனதும் நினைவிலிருந்து எழுதி, ஒவ்வொரு 'இல்லை'யாக எடுத்து, சிக்கெடுத்து வைத்திருந்தேன். இருபது நிமிஷத்தில் முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு தபில்டியின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பக்கம் வேகமாகப் போனார். இரண்டாவது பக்கத்தில் பேனா நின்றது. திரும்ப முதல் பக்கத்துக்குப் போனார், போட்டதை அடித்தார். பிடரியில் வேர்வை கோடு போட்டது. அப்போதுதான் எனக்கு விளங்கியது, இந்த மனிதர் பழைய ரஷ்யத் தாள்களிலிருந்து கேள்விகளை எடுத்து, மேலே 'இல்லை'களைத் தூவி, கீழே விடை எழுத்தை ஒரு தாளில் குறித்துப் பூட்டி வைத்திருக்கிறார். இத்தனை வருஷமும் அந்த எழுத்தைப் பார்த்துத்தான் திருத்தியிருக்கிறார். தன் கேள்வியைத் தானே ஒருநாளும் படித்துப் பார்த்ததில்லை.

கடைசியில் கையைத் தூக்கினார். ஜமிர்பெக் பக்கத்தில் வந்து குனிந்தார். தபில்டி குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார், ஆனால் எனக்குக் கேட்டது. "இந்தப் பதிமூணாவதுல என்ன கேட்டிருக்கு?"

"நீங்க எழுதினதுதானே, பைகே" என்றார் ஜமிர்பெக். அவ்வளவுதான். கேலியே இல்லை. தன் நாற்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார். அந்த இடத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தை என் கல்யாணத்தன்றுகூட நான் அனுபவித்ததில்லை. வீட்டுக்காரர் கேட்டால் கேட்கட்டும்.

எனக்குப் பத்தொன்பது. தபில்டிக்கு ஒன்பது. குத்மானுக்கு ஆறு. ஏழாவது கேள்வியை ஒருவர்கூடச் சரியாக எழுதவில்லை. தபில்டியின் தலைவர் பதவியும் ஆய்வு அதிகாரி அனுமதியும் போயின. குத்மானுக்கு இரண்டு வருஷம் விசில் இல்லை. பட்டியலை அரங்க வாசலில் ஒட்டும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். தபில்டியின் பெயர் அவர் கண் மட்டத்தில் வருகிற மாதிரி அளந்து ஒட்டினேன். ஒட்டிவிட்டு அங்கேயே நின்றேன்.

மாலையில் வந்தார். மேலேயிருந்து விரலை வைத்துத் தேடிக்கொண்டே இறங்கி, தன் பெயரில் நின்றார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். குத்மான் கையெழுத்துப் போட்ட கடிதம். மே மாத ஆட்டத்தில் சாய்காலுக்குக் காட்டிய இரண்டாவது மஞ்சளும் சிவப்பும் தன் கோபத்தில் காட்டியவை, அவர் தப்பாக எதுவும் பேசவில்லை என்று எழுதியிருந்தது.

"இதை ஜமிர்பெக்கிட்ட குடுத்தா உன் சிவப்பு போயிடும். ஆகஸ்டுல எழுது, தரம் வாங்கிக்கோ. பதிலுக்கு நீ ஒண்ணே ஒண்ணுதான் செய்யணும். பையனுக்கு ரெண்டு வருஷத்தைக் குறைக்கச் சொல்லு. நீ சொன்னா அவரு கேப்பாரு. சின்னப் பையன், சாய்கால். நீயும் யோசி, இப்படியே விட்டா உனக்கு என்ன மிஞ்சுது?"

அந்தக் காகிதத்தை நான் கையில் வாங்கினேன். பொய் சொல்லக்கூடாது, வாங்கினேன். இரண்டு தடவை படித்தேன். பிஷ்கெக் மைதானம், பெட்டியில் மடித்து வைத்திருக்கும் சட்டை, எல்லாம் அந்த நாலு வரியில் இருந்தன. இனி புதுக் கேள்வித்தாள், புதுத் தலைவர், ஆகஸ்டில் நான் கண்ணை மூடிக்கொண்டு தேறியிருப்பேன். அது அவருக்கும் தெரியும். தெரிந்துதான் கொண்டுவந்திருக்கிறார்.

காகிதத்தை மடித்து அவர் சட்டைப் பைக்குள்ளேயே திருப்பி வைத்தேன்.

"குத்மான்கிட்ட சொல்லுங்க, பைகே. நான் பேசினது தப்புதான், அவன் காட்டினது சரியான சிவப்பு. அவன் நடுவரா இருந்த காலத்துல ஒழுங்கா எடுத்த முடிவு அது ஒண்ணுதான். அதையும் பொய்யாக்கிட வேண்டாம்."

அவர் தோளைக் குறுக்கிக்கொண்டு படியிறங்கிப் போனார். தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். அப்புறம் வீட்டுக்கு நடந்தேன். பீன்ஸ் வயல் ஓரமாக அரை மணி நேர நடை, வழி முழுக்கத் தேம்பித் தேம்பி அழுதேன். ஆனால் அவர் தலை மறைந்த பிறகுதான்.